‘உப்பு ஏறியிருக்கு’ என்றால் எந்த உப்பு?

“உப்பு ஏறியிருக்குன்னு சொல்லிட்டாங்க.” காஞ்சிபுரத்துப் பக்கம் எந்த ஆஸ்பத்திரி வாசலில் கொஞ்ச நேரம் நின்றாலும் இந்த வாக்கியம் காதில் விழும். சொன்ன டாக்டர் மனத்தில் இருந்தது கிரியாட்டினின். தசைகளில் உண்டாகி ரத்தத்தில் கலக்கும் கழிவு அது. சிறுநீரகம்தான் வடிகட்டி வெளியே அனுப்ப வேண்டும். பெரியவர்களுக்குப் பரிசோதனைச் சீட்டில் அது ஏறக்குறைய 0.6 முதல் 1.3 வரை இருந்தால் சரி. சிறுநீரகம் தளரத் தளர அந்த எண் ஏறும். இத்தனையும் விளக்க நேரம் இல்லாத இடத்தில், நோயாளிக்குப் புரியட்டும் என்ற நல்லெண்ணத்தில் பிறந்த குறுக்குவழிதான் ‘உப்பு’.

கேட்டவர் மனத்தில் இருப்பதோ சமையலறை உப்பு டப்பா. வீட்டுக்குப் போனதும் குழம்பில் உப்பைக் குறைக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் பேச்சைக் கேட்டு இந்துப்பு வாங்குகிறார். அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். இன்னும் விவரமானவர் ‘சோடியம் குறைந்த உப்பு’ பாக்கெட்டைத் தேடிப் பிடிக்கிறார். அதில் சோடியத்தைக் குறைத்து, அந்த இடத்தில் பொட்டாசியத்தைச் சேர்த்திருப்பார்கள். பழுதான சிறுநீரகத்தால் பொட்டாசியத்தைச் சரியாக வெளியேற்ற முடியாது. ரத்தத்தில் அது கூடினால் இதயத்துடிப்பே தாறுமாறாகும். உப்பைக் குறைப்பது பிரஷருக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் காதில் முதலில் விழுந்திருக்க வேண்டிய சேதி வேறு.

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூரு நெடுஞ்சாலையில், பெரிய ஏரியோடு இருக்கிற ஊர் தாமல். இந்த வட்டாரத்தில் வயலில் குனிகிறவருக்கும் தறியில் உட்காருகிறவருக்கும் பொதுவாக ஒன்று உண்டென்றால் அது இடுப்பு வலி. குழித்தறிக்காரர் இரண்டு காலையும் குழிக்குள் விட்டு மிதித்துக்கொண்டு, முதுகை வளைத்து, கண்ணை இழையிலேயே வைத்துக்கொண்டு நாள் முழுக்க இருப்பார். சாயங்காலம் மெடிக்கலில் “ஒரு வலி மாத்திரை குடுங்க” என்று வாங்கிப் போட்டுக்கொண்டால்தான் மறுநாள் தறி ஓடும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரொஃபென் வகை மாத்திரைகளை மாதக்கணக்கில் இப்படிப் போட்டால் சிறுநீரகம் கெடும். ஏற்கெனவே கெட்டிருந்தால் இன்னும் வேகமாகக் கெடும். ஆகவே அவரிடம் சொல்லியிருக்க வேண்டியது இது: “உங்க கிட்னி சரியா வேலை செய்யலைங்க. வலி மாத்திரையை இன்னையோட நிறுத்துங்க. வலி தாங்கலைன்னா இங்க வாங்க, வேற தர்றேன்.” உப்பைக் குறைத்து, வலி மாத்திரையைத் தொடர்ந்தவர், தான் டாக்டர் சொன்னபடி நடப்பதாகவே நம்பிக்கொண்டிருப்பார்.

‘உப்பு’ என்பதைவிட எளிய சொல் தமிழில் கிடையாது. குழந்தைக்கும் தெரியும். அதை வைத்துச் சொன்ன சேதியே தவறிப்போனது. எளிய மொழி என்று பேசுகிற பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். கடினமான சொல்லை எடுத்துவிட்டுத் தெரிந்த சொல்லைப் போட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

எளிய மொழிக்கு உலக அளவில் ஒரு தரநிலையே இருக்கிறது. சர்வதேசத் தர அமைப்பு 2023 ஜூனில் வெளியிட்டது, எண் 24495. படிப்பவர் தனக்கு வேண்டியதைத் தேடி எடுக்க முடிய வேண்டும். எடுத்தது விளங்க வேண்டும். விளங்கியதை வைத்துக் காரியம் பார்க்க முடிய வேண்டும். சாரம் இவ்வளவுதான். இதற்கு முன்பே இங்கிலாந்தில் 1979-இல் புரியாத அரசுப் படிவங்களைப் பாராளுமன்றத்துக்கு எதிரே கிழித்துப்போட்டு ஓர் இயக்கம் தொடங்கியது. அமெரிக்காவில் 2010 அக்டோபரில் சட்டமே வந்தது, நியூசிலாந்தில் 2022-இல். சட்டங்கள் இருக்கட்டும். மூன்றாவது நிபந்தனைதான் பரீட்சை: கேட்டவர் வீட்டுக்குப் போய் என்ன செய்கிறார்?

அமெரிக்காவில் இதை மாத்திரையை வைத்தே சோதித்துப் பார்த்தார்கள். 2006-இல் வெளியான ஆய்வு அது. ‘இரண்டு மாத்திரை, தினமும் இரண்டு வேளை’ என்று ஒட்டிய புட்டியைக் கொடுத்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்கள். வாசிப்புத் திறன் குறைந்தவர்களிலேயே சுமார் 71 சதவீதம் பேர் சரியாகச் சொன்னார்கள். பிறகு, ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை என்று எண்ணி எடுத்து வைக்கச் சொன்னார்கள். நான்கு மாத்திரையைச் சரியாக எடுத்து வைத்தவர்கள் சுமார் 35 சதவீதம்தான். வாயால் சரியாகச் சொன்னவர்களில் பாதிப் பேருக்குக் கை தவறியது. ‘படிக்காத சனங்க, என்ன பண்றது’ என்று சலித்துக்கொள்கிறவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் யோசிக்கலாம். படிக்கத் தெரிந்து, படித்தும் காட்டியவர்கள்தான் இவர்கள். குறை ஒட்டிய சீட்டில் இருந்தது. ‘காலையில் 2, இரவில் 2’ என்று எழுதியிருந்தால் மனக்கணக்கே வேண்டியிருக்காது.

நம்மூர்ச் சீட்டில் 1-0-1 என்று எழுதுகிறார்கள். பழகியவருக்கு நல்ல முறைதான்: காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. பழகாதவருக்கு அது நூற்றியொன்று. அதோடு டாக்டரின் கையெழுத்து. மருந்துப் பெயரைத் தெளிவாக, முடிந்தவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-லேயே விதி கொண்டுவந்துவிட்டது. கம்ப்யூட்டர் சீட்டு வந்த இடங்களில் எழுத்துப் பிரச்சினை தீர்ந்தது, சரி. ஆனால் அச்சில் தெளிவாக இருப்பதும் ஆங்கிலம்தானே.

எழுத்தையும் தாண்டி ஒரு சிக்கல் இருக்கிறது: காலை என்பது எது? தறிக்காரர் வீட்டில் விடியற்காலையில் டீ, உடனே தறி, ஒன்பது மணிக்கு மேல்தான் டிபன். ‘காலை, சாப்பாட்டுக்கு முன்’ என்று சீட்டில் இருந்தால், டீக்கு முன்னாலா, டிபனுக்கு முன்னாலா? தைராய்டு மாத்திரை என்றால் டீயும் ஆகாது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு அரைமணி, ஒரு மணி கழித்துத்தான் எதையும் சாப்பிட வேண்டும். சர்க்கரைக்கான கிளிமெபிரைடு என்றால் நேர்மாறு. டிபனை ஒட்டிப் போட வேண்டும். விடியலில் அதைப் போட்டுக்கொண்டு மூன்று மணி நேரம் தறியில் இருந்தால் சர்க்கரை சரேலென்று இறங்கி, கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, மயக்கம் வரும். இரண்டுக்கும் சீட்டில் எழுதியிருப்பது ஒரே மூன்று சொல்.

‘வெறும் வயிற்றோடு வாங்க’ என்பதும் இதே ரகம். ரத்தம் எடுக்கப் போகிறவரிடம் சொல்வது. கோயில் ஊர்க்காரருக்கு விரதம் புதிதில்லை. வைகுண்ட ஏகாதசி, புரட்டாசிச் சனி, கந்த சஷ்டி என்று வயிற்றைக் காயப் போடுவது இங்கே வருஷம் முழுக்க நடக்கிற காரியம். ஆனால் விரதத்தில் பாலும் பழமும் உண்டு, காபிக்குப் பல வீடுகளில் தடையே கிடையாது. ஆகவே சர்க்கரை போட்ட காபியைக் குடித்துவிட்டு, “ஒண்ணும் சாப்பிடலைங்க” என்று லேபில் கையை நீட்டுகிறவர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் அது வெறும் வயிறுதான். “ராத்திரி பத்து மணிக்கு மேல தண்ணியைத் தவிர எதுவும் வேணாம். காபி, டீ, பால் கூட வேணாம்” என்று சொன்னால் இந்தக் குழப்பம் இல்லை. ஒரு வாக்கியம் கூடுதல், அவ்வளவே.

விரதம் பற்றி இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை நோயாளி விரதம் இருந்தால் மருந்தை என்ன செய்வது என்று பெரும்பாலும் டாக்டரும் கேட்பதில்லை, நோயாளியும் சொல்வதில்லை. சொன்னால் திட்டு விழும் என்ற பயம். ரம்ஜான் நோன்புக்கு சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு விரிவான வழிகாட்டியே வெளியிட்டிருக்கிறது: எந்த மருந்தை எப்போது மாற்றுவது, சர்க்கரை எவ்வளவு இறங்கினால் நோன்பை முறிப்பது என்றெல்லாம். அதைப் புரட்டிப் பார்த்த எந்த டாக்டராலும் ஏகாதசிக்கு ஒரு யோசனை சொல்ல முடியும். இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமெபிரைடு போடுகிறவர்களும் விரதத்துக்கு முந்தைய வாரமே வாய்விட்டுக் கேட்டுவிடுவது நல்லது.

‘புரிஞ்சுதாம்மா?’ என்ற கேள்வியைப் போல வீணான கேள்வி வேறில்லை. எல்லாரும் ‘புரிஞ்சுது’ என்றுதான் சொல்வார்கள். பின்னால் வரிசை நிற்கிறது, எதிரில் இருப்பவர் படித்தவர், புரியவில்லை என்றால் அசிங்கம். மருத்துவத் தகவல் தொடர்பில் இப்போது உலகமெங்கும் வற்புறுத்துகிற முறை, கேட்டவரையே திருப்பிச் சொல்லவைப்பது. நல்ல நர்ஸ்கள் பலர் இதைப் பாடம் எதுவும் படிக்காமலே செய்கிறார்கள். ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“ராத்திரிக்கு எதும்மா போடுவீங்க?”

“இந்த வெள்ளை.”

“காலையில?”

“காலையிலயும் வெள்ளை. கூட இந்தச் சின்னது ஒண்ணு.”

“சின்னது எப்ப? டிபனுக்கு முன்னாடியா, அப்புறமா?”

“அது சொல்லலியே கண்ணு.”

“முன்னாடி. தட்டுல டிபன் வச்சுட்டுப் போடுங்க. டிபன் சாப்பிடாத நாள்ல அதைப் போடாதீங்க. போட்டுட்டு ஒரு மாதிரி வேர்த்து நடுங்குச்சுன்னா?”

“சர்க்கரை வாயில போட்டுக்கறேன்.”

அரை நிமிஷத்துக்கு மேல் ஆகாது. இந்த அரை நிமிஷம் கிடைக்காமல், மயங்கிய நிலையில் ஆம்புலன்சில் வருகிறவருக்காக ஆஸ்பத்திரி செலவழிக்கும் நேரத்தைக் கணக்குப் பார்த்தால் எது மிச்சம் என்று தெரியும்.

இனி மாத்திரை அட்டை. பத்து மாத்திரை உள்ள அட்டையில் மூன்றோ நான்கோ கேட்டால் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுப்பார்கள். பெயர் ஒரு துண்டில் போய்விடும், காலாவதித் தேதி இன்னொன்றில். பல அட்டைகளில் தேதி ஒரே ஒரு மூலையில்தான் அச்சாகியிருக்கிறது. கையில் வந்த துண்டில் பளபளப்பைத் தவிர ஒன்றும் இருக்காது. வீட்டில் ஒரே டப்பாவில் மாமியார் பிரஷர் மாத்திரை, மருமகள் இரும்புச்சத்து மாத்திரை, போன வருஷக் காய்ச்சல் மாத்திரை எல்லாம் துண்டு துண்டாகக் கிடக்கும். வெட்டுவதற்கு முன் முழு அட்டையை செல்போனில் இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பில்லையும் கேட்டு வாங்குங்கள். தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் அதில் இருக்கும். அட்டையில் நெடுக ஒரு சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் அதைப் போடக் கூடாது என்று பொருள். மத்திய சுகாதாரத் துறை 2016-இல் இதற்காகத் தனிப் பிரசாரமே நடத்தியது. மொழியே இல்லாத நல்ல அறிவிப்பு அந்தக் கோடு. அதன் பொருளை மக்களிடம் சொல்வதுதான் பாதியில் நின்றுவிட்டது.

குழந்தை மருந்தில் ஆபத்து இன்னும் அதிகம். பாராசிட்டமால் சொட்டு மருந்தும் உண்டு, சிரப்பும் உண்டு. சொட்டு மருந்தில் 1 மி.லி.யில் 100 மி.கி. இருக்கும். சாதாரண சிரப்பில் 5 மி.லி.க்கு 120 அல்லது 125 மி.கி.; இன்னொரு வகை சிரப்பில் அதே 5 மி.லி.க்கு 250. போன தடவை சிரப் கொடுத்த பழக்கத்தில் சொட்டு மருந்தை ‘ஒரு ஸ்பூன்’ ஊற்றினால் நாலு மடங்கு போய்விடும். அந்த ஸ்பூனும் எது? பொடி டப்பா ஸ்பூனா, பாயச ஸ்பூனா? மருந்தோடு வரும் அளவு மூடியில் 5 மி.லி. கோட்டைப் பேனாவால் தடவிக் காட்டிக் கொடுக்கிற மருந்தாளுநர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கும்பிடு போடலாம்.

தெளிவு என்றால் என்னவென்று இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தறியின் ஜக்கார்டு அட்டையில் துளை இருந்தால் கொக்கி மேலே போகும், இல்லையென்றால் போகாது. ‘உரிய முறையில் போகவும்’ என்று அட்டை சொல்வதில்லை. அரசு அறிவிப்புகளில் நிறைந்து கிடப்பது அந்த ‘உரிய முறை’தான். ‘பொதுமக்கள் தங்கள் இல்லங்களிலும் சுற்றுப்புறங்களிலும் கொசுப்புழுக்கள் உற்பத்தியாகா வண்ணம் நீர் தேங்காமல் பராமரித்து முழு ஒத்துழைப்பு நல்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.’ டெங்கு காலத்தில் இந்த மாதிரி வாக்கியத்தைப் பார்க்காதவர் உண்டா? படித்து முடித்ததும் செய்ய வேண்டியது என்ன என்று கேட்டுப் பாருங்கள். தெருச் சாக்கடையைப் பற்றிப் பஞ்சாயத்தில் புகார் சொல்வார்கள். டெங்குக் கொசுவான ஏடிஸ் வளர்வது பெரும்பாலும் வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும், நல்ல தண்ணீரில்.

அதையே இப்படி எழுதலாம்: ‘வாரம் ஒரு நாள், டிரம், சிமெண்டுத் தொட்டி, குடம் எல்லாவற்றையும் காலி செய்யுங்கள். உள்பக்கத்தை நார் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டையும் கவிழ்த்துக் கொட்டுங்கள்.’ ஏன் வாரம் ஒரு நாள்? முட்டை கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். ஏன் தேய்க்க வேண்டும்? முட்டை தொட்டியின் சுவரில் ஒட்டியிருக்கும். தண்ணீரைக் கொட்டினாலும், காய்ந்தே போனாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். காரணத்தைச் சொன்னால் வேலையை அரைகுறையாகச் செய்ய மாட்டார்கள். மக்களுக்குக் காரணமெல்லாம் எதற்கு என்ற எண்ணம்தான் நம் அறிவிப்புகளின் பெரிய நோய்.

வெள்ள எச்சரிக்கையும் அப்படித்தான். ‘விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி உபரி நீர் திறப்பு, கரையோர மக்கள் எச்சரிக்கையாக இருக்கவும்.’ ஒரு கன அடி என்பது 28 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். அந்தக் கணக்கு பொறியாளருக்கு வேண்டும். ஏரிக்கரை ஊர்க்காரருக்கு வேண்டியது எந்தத் தரைப்பாலம் எத்தனை மணிக்கு முழுகும், மாட்டை எங்கே ஓட்டிப்போவது, எந்தப் பள்ளிக்கூடம் திறந்திருக்கும் என்பது. 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் போனதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

பழைய அறிவிப்பு ஒன்று இதே மாவட்டத்தில் இருக்கிறது. உத்திரமேரூர்க் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகள். யார் நிற்கலாம்: 35 வயதுக்கு மேல், 70-க்குள், சொந்த மனையில் வீடு, கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம். யார் நிற்கக் கூடாது என்றும் பட்டியல். ஓலையில் பெயர் எழுதி, குடத்தில் இட்டு, விவரம் அறியாச் சிறுவன் ஒருவனை விட்டு எடுக்கவைக்கும் முறை படிப்படியாக. வடமொழிச் சொற்கள் விரவிய நடை, இன்று நமக்குக் கடினம்தான். யாரைக் கொண்டு ஓலை எடுக்கவைப்பது என்பதுவரை ஐயம் வைக்காமல் எழுதியிருக்கிறார்கள்; ஊர் கூடும் இடத்தில் வெட்டியும் வைத்திருக்கிறார்கள். இந்த இரண்டையும் இன்றைய நோட்டீஸ் பலகைகளில் நான் தேடுகிறேன்.

தமிழில் எழுதிவிட்டாலே போதும் என்பாரும் உண்டு. யாழ்ப்பாணத்தில் டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்கர் 1847-இல் வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். பிறகு தமிழிலேயே கற்பித்தார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம் என்று பெரிய பெரிய நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் செய்த அந்த வேலைக்கு ஈடாக நம் மருத்துவக் கல்லூரிகள் இன்றுவரை எதுவும் செய்ததாகத் தெரியவில்லை. வெட்கப்பட வேண்டிய விஷயம். அதே சமயம், அங்காதிபாதம் அவருடைய மாணவருக்கு உரியது. அந்த மாணவர் டாக்டராகி ஒரு குடியானவரிடம் பேசும்போது அவருக்கு வேறு தமிழ் வேண்டியிருந்திருக்கும். துறைக்குள் கலைச்சொல்லும் வேண்டும், வாசலில் பேச்சுத் தமிழும் வேண்டும். ‘உயர் ரத்த அழுத்தம்’ என்று போஸ்டரில் இருக்கட்டும். பக்கத்தில் ‘பிரஷர்’ என்றும் இருந்தால் தமிழ் தேய்ந்துவிடாது.

மக்கள் மொழியிலேயே அருமையாக அமைந்த சொற்களும் இருக்கின்றன. எச்பிஏ1சி பரிசோதனையை ‘மூணு மாச சர்க்கரை’ என்கிறார்கள். சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்வதால், அதில் படிந்த சர்க்கரை இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும். பரிசோதனைக்கு முந்தின நாள் மட்டும் பட்டினி கிடந்து ஏமாற்ற முடியாது என்பதையும் அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. யார் முதலில் சொன்னாரோ, அவர் வாழ்க. இதற்கு எதிர்த் துருவம் ‘நார்மல்’. “பிரஷர் நார்மல்” என்று கேட்டதும் மாத்திரையை நிறுத்தியவர்கள் எத்தனையோ பேர். மாத்திரை போடுவதால்தான் நார்மல் என்ற பாதியை யாரும் சொல்வதில்லை.

‘பாசிட்டிவ்’ இன்னும் மோசம். காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது, புற்றுநோயால் அண்ணா மறைந்த அதே 1969-இல் தொடங்கியது. அங்கே போகாமலே, முப்பது வயது தாண்டிய பெண்களுக்கு மார்பகம், கருப்பைவாய் இரண்டையும் பார்த்துவிடும் சோதனைகள் இன்று அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே நடக்கின்றன. கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவினால் மாறுபட்ட இடம் வெள்ளையாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் ‘பாசிட்டிவ்’. சிலர் நல்ல சேதி என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், சிலர் புற்றுநோய் வந்துவிட்டது என்று இடிந்து போகிறார்கள். இரண்டும் தப்பு. “இன்னொரு டெஸ்ட் பார்க்கணும்னு தெரியுது. பெரும்பாலும் பெரிசா ஒண்ணும் இருக்காது, இருந்தாலும் இப்பவே பிடிச்சா சரி பண்ணிடலாம். இந்தத் தேதிக்கு, இந்த இடத்துக்கு வாங்க” என்று சொல்ல வேண்டும். சதை எடுத்துப் பார்ப்பதைப் பற்றியும் சேர்த்தே பேசிவிட வேண்டும். கத்தி பட்டால் பரவிவிடும் என்ற நம்பிக்கை ஊரில் ஆழமாக இருக்கிறது. அது தவறு என்று எடுத்துச் சொல்லாமல் பையாப்சி தேதி மட்டும் குறித்துக் கொடுத்தால் அந்தத் தேதியில் பலர் வர மாட்டார்கள்.

இது டாக்டரின் பெருந்தன்மைக்கு விட்ட விஷயம் என்றும் நினைக்க வேண்டாம். சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. என்ன சிகிச்சை, எதற்காக, வேறு வழி உண்டா, பெரிய ஆபத்துகள் என்ன, செய்துகொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்று நோயாளி முடிவெடுக்கப் போதுமான அளவு சொன்ன பிறகு பெறுவதுதான் சம்மதம். ஆபரேஷனுக்கு ஸ்ட்ரெச்சர் தள்ளும் நேரத்தில் ஆங்கிலப் படிவத்தை நீட்டி ‘இங்க ஒரு கையெழுத்து’ என்றால், “கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க” என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

நல்லெண்ணமும் சட்டமும் மோதிய கதை ஒன்று, ஓ.ஆர்.எஸ். வயிற்றுப்போக்கில் உயிர் காக்கும் அந்தப் பொடியில் ஒரு லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம் என்று அளவு திட்டமாக இருக்கிறது. பாக்கெட் முழுவதையும் அதில் எழுதிய அளவுத் தண்ணீரில் ஒரே தடவையில் கலக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக டம்ளரில் கலந்தால் அளவு கெடும். 24 மணி நேரம் கழித்து மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். இதற்கிடையில், சர்க்கரை மிகுந்த பழச்சாறு பானங்கள் தங்கள் பெயரிலேயே ஓ.ஆர்.எஸ். என்று சேர்த்துக்கொண்டு கடையில் உட்கார்ந்தன. ‘இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஓ.ஆர்.எஸ். அல்ல’ என்று அட்டையில் ஒரு வரி போட்டால் போதும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் முன்பு அனுமதித்திருந்தது. பெரிய எழுத்தில் ஓ.ஆர்.எஸ்., பொடி எழுத்தில் ‘அல்ல’! குழந்தைக்குப் பேதியாகிற பதற்றத்தில் யார் அதைப் படிப்பார்கள்? ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் எட்டு ஆண்டுகள் போராடினார். 2025 அக்டோபரில் ஆணையம் அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றது. வாங்கும்போது பெயரைப் பார்க்காமல், உலக சுகாதார நிறுவன அளவு என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

நெடுஞ்சாலை ஊர்க்காரர்கள் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டியது ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய திட்டம். தாமல் வழியாகப் போகும் சாலைக்கும் எண் 48 என்பது தற்செயல். ஆனால் அதனாலேயே சிலர் இந்தச் சாலைக்கு மட்டும் என்று நினைத்துவிடக் கூடும். அது 48 மணி நேரம். தமிழ்நாட்டு எல்லைக்குள் எந்தச் சாலையில் அடிபட்டாலும், அடிபட்டவர் எந்த மாநிலத்தவர் ஆனாலும், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் முதல் 48 மணி நேரத்துக்கு வரம்புக்குட்பட்ட சிகிச்சை இலவசம். அழகான பெயர்தான். ‘விபத்தா? முதல் இரண்டு நாள் காசு கேட்க மாட்டார்கள், தூக்கிக்கொண்டு போங்கள்’ என்று பலகையில் எழுதியிருந்தால் இன்னும் அழகாக இருந்திருக்கும். கொண்டுபோய்ச் சேர்த்தவர் தன் பெயரைச் சொல்லவும் கட்டாயமில்லை. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் அவரைப் பாதுகாக்கிறது.

இத்தனை குறையிலும் தமிழ்நாடு சரியாகச் செய்த ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’. பிரஷரும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிற பெண் தன்னார்வலர் சுய உதவிக் குழுவிலிருந்து வந்தவர். உங்கள் பேச்சுதான் அவர் பேச்சு. ‘அத்தை, போன மாசம் குடுத்ததுல இத்தனை மீதி இருக்கே, ஏன் போடலை?’ என்று அட்டையை எண்ணிப் பார்த்துக் கேட்க அவரால் முடியும். இந்தத் திட்டத்துக்கு 2024-இல் ஐ.நா. விருது கிடைத்தபோது வீட்டு வாசலுக்கு மருந்து போனதைத்தான் எல்லாரும் பாராட்டினார்கள். மருந்தோடு கூடப் போன பேச்சுக்கும் அதில் பங்கு உண்டு. துண்டறிக்கை எழுதும் அதிகாரிகள், அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் இந்தப் பெண்களில் நாலு பேரிடம் படித்துக் காட்டினால் போதும். நிபுணர் குழுவெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை சீட்டை வாங்கியதும் எழுந்து வந்துவிடாதீர்கள். “எனக்கு என்ன? நான் என்ன செய்யணும்? செய்யலைன்னா என்ன ஆகும்?” என்று மூன்றையும் கேளுங்கள். பதிலை நீங்களே திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு சந்தேகம் எழுந்தால் 104-க்கு போன் போடலாம். தமிழ்நாட்டில் இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.